ட்ரைசூட் வாங்கும் முன்: நீலகிரித் தண்ணீரில் கயாக்கில் தூண்டில் போடுகிறவர்களுக்கு

ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்கு எமரால்டு பக்கம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்து கிடக்கும். பதினொரு மணிக்கு அதே இடத்தில் வெயில் சுரீரென்று அடிக்கும், ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். ஆனால் ஏரித் தண்ணீர் காலையில் இருந்த அதே தண்ணீர்தான். நாலு மணி நேர வெயில் அதன் மேல்தோலைக்கூட ஒழுங்காகச் சூடாக்காது. ட்ரைசூட் என்பது தண்ணீர் உள்ளே புகாதபடி கழுத்தும் மணிக்கட்டும் ரப்பர் வளையத்தால் இறுகி, உடம்பு முழுவதையும் மூடுகிற உடுப்பு. இந்த மலையில் அதைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இங்கேதான். கயாக் என்கிற சிறு துடுப்புப் படகிலிருந்து விழுந்தால் போய்ச் சேரப்போகிற தண்ணீருக்கு ஏற்றபடி உடுத்த வேண்டும். அப்படி உடுத்தினால் பதினொரு மணிக்கு வேர்த்துக் கொட்டும். வேர்த்தால் நெஞ்சு ஜிப்பை ஒரு சாண் திறந்து வைப்பார்கள், அல்லது கழுத்து ரப்பரைக் கீழே மடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அது ட்ரைசூட் இல்லை, விலை அதிகமான மழைக்கோட்டு.

ஆகவே சூட் பார்க்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வருகிறவரை இதை மூடியபடியே போட்டிருக்க முடியுமா? துணி, கழுத்து, ஜிப் வைத்திருக்கும் இடம், சாக்ஸ் எல்லாவற்றையும் இந்தக் கேள்வியில் உரசிப் பாருங்கள். பிராண்டு பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து, பைக்காரா எல்லாம் மின்வாரிய அணைகள். பலவும் காப்புக்காட்டை ஒட்டியோ அதற்குள்ளோ இருக்கின்றன. சொந்தக் கயாக்கை இறக்குவதென்றால் மின்வாரியம், வனத்துறை, மீன்வளத்துறை என்று யார் யார் அனுமதி வேண்டுமோ அதை எழுத்தில் வாங்கிய பிறகுதான். முக்குர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலுக்கு இடமே கிடையாது. கொடைக்கானல் பக்கம் பேரிஜம் காட்டுக்குள் இருக்கிற குடிநீர் ஏரி, அதையும் மறந்துவிடுங்கள். அனுமதி கைக்கு வராமல் சூட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு குளிர்?

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மீன் தொட்டிக்கு விற்கிற தெர்மாமீட்டரை ஒரு மீட்டர் நூலில் கட்டி, விடிந்தவுடன், நிழல் விழுந்த பக்கத்தில் ஐந்து நிமிடம் தொங்கவிட்டு எடுங்கள். அந்த எண்தான் கணக்கு. மதியம் கரையோரத்தில் கையை விட்டுப் பார்த்து "பரவாயில்லையே" என்று சொல்வது கணக்கில் வராது.

அளக்காமலே ஒரு துப்பு கிடைக்கும்: ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன். ரெயின்போ ட்ரவுட் 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும், 20-ஐத் தாண்டினால் திணறும், 25-ஐ நெருங்கினால் செத்துப்போகும். 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து ஹென்றி சார்ல்ஸ் வில்சன் வளர்த்த ரெயின்போதான் இந்த மலையில் ஊன்றி நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது இங்கே பிழைத்துக் கிடக்கிறது என்றால் இந்த நீர் மனித உடம்புக்கு எப்படிப்பட்டது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

21 டிகிரிக்குக் கீழே போனாலே எச்சரிக்கை தேவை. 15-க்குக் கீழே முதல் நிமிடத்தில் மூச்சு நம் வசம் இருக்காது. திடீரென்று ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கும். அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். பெரும்பாலானவர்கள் நினைப்பதுபோல ஆளை முதலில் கொல்வது உடம்பு விறைப்பது அல்ல, இந்த ஒரு நிமிடம்தான். குளிர்நீர்ப் பயிற்சியில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூச்சு அடங்க 1 நிமிடம், கைகால் ஒழுங்காக வேலை செய்ய 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். அது ஏறக்குறைய பனிக்கட்டித் தண்ணீருக்குச் சொன்னது. நம் ஏரிகளில் பின்னால் வருகிற 10 நிமிடமும் 1 மணி நேரமும் நீளும். முதல் நிமிடம் மட்டும் அவ்வளவாக மாறாது, ஏனென்றால் 10 முதல் 15 டிகிரியிலேயே அந்த மூச்சுத் திணறல் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. நீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். 14 டிகிரிக் காற்றில் பனியனோடு நிற்கிற ஆள் 14 டிகிரித் தண்ணீரில் அப்படி நிற்க முடியாது.

சூட்டே வேண்டாத நாட்கள்

ஏப்ரல், மே மாதத்தில், தெர்மாமீட்டர் 18-க்கு மேல் காட்டுகிற ஏரியில், கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள், துணைக்கு இன்னொரு கயாக்கும் இருந்தால் 3 மி.மீ. நியோப்ரீன் வெட்சூட் போதும் (நுரை ரப்பர் உடுப்பு, நனைந்தாலும் சூட்டைக் காக்கும்). கை இல்லாத ஃபார்மர் ஜான் வகை, அதன்மேல் துடுப்பு போடும்போது அணிகிற ஜாக்கெட். ட்ரைசூட்டைவிட விலை நன்றாகக் குறைவு.

ஆனால் தூண்டில்காரருக்கு வெட்சூட்டில் ஒரு குறை உண்டு. நுரைத்துப் பாய்கிற ஆற்றில் துடுப்பு போடுகிறவர் ஓயாமல் அசைகிறார், நாம் மணிக்கணக்கில் கொக்கு மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். ஒருமுறை நனைந்த வெட்சூட்டின் மேல் மத்தியானக் காற்று அடிக்கும்போது அது ஈரப்பானைபோல உடம்பைக் குளிரவைக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்த உடுப்பை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நீரில் இறங்கி நின்று மீன் பிடிப்பவர்கள் போடுகிற, மார்புவரை வரும் வேடர் (wader) பேன்ட்டும் மேலே ரெயின்கோட்டும் போட்டால் ட்ரைசூட் மாதிரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. வேடருக்குள் புகுந்த தண்ணீர் கல்லைப்போலக் கீழே இழுக்கும் என்பது தப்பு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. ஆனால் கயாக்மேல் ஏற முயலும்போது இரண்டு காலிலும் ஒரு குடம் நீரைச் சுமந்துகொண்டு ஏற வேண்டும். ஏற முடியாமல் போவது அங்கேதான். போதாததற்கு உள்ளே போட்டிருக்கிற கம்பளித் துணி எல்லாம் ஊறிவிடும்.

ஆழ்கடல் முக்குளிப்புக்காரர்களின் ட்ரைசூட் பழையதாக மலிவு விலைக்கு வரும். அதுவும் வேண்டாம். காற்று நிரப்பும் வால்வு, ஆழத்து அழுத்தத்துக்கான கனமான துணி, காலோடு ஒட்டிய பூட்ஸ் என்று எல்லாமே வேறு வேலைக்கு. அதைப் போட்டுக்கொண்டு தோளைச் சுழற்றி ஒரு மணி நேரம் துடுப்பு போட்டுப் பாருங்கள், தெரியும்.

துணி

மலிவான சூட்டுகள் பாலியூரித்தேன் பூச்சு அடித்த நைலான். தண்ணீர் உள்ளே வராது, வேர்வையும் வெளியே போகாது. இரண்டு மணி நேரத்தில் உள்சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கும். சூட் ஓட்டை என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை ஓட்டை இல்லை, வேர்வை. பிரித்துப் பார்ப்பது சுலபம். முதுகு, அக்குள், முழங்கையின் உள்பக்கம் எல்லாம் பரவலாக ஈரம் என்றால் வேர்வை. ஒரு மணிக்கட்டு மட்டும், ஒரு பாதம் மட்டும், இடுப்புத் தையல் ஓரமாக ஒரு கோடு மட்டும் என்றால் ஒழுக்கு.

நீலகிரிக்கு மூன்றடுக்கு மூச்சுவிடும் துணி வேண்டும்: நீரைத் தடுத்து வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடுகிற சவ்வு, அதற்கு இரண்டு பக்கமும் துணி. கோர்-டெக்ஸ் அதில் ஒன்று; கோக்கடாட், என்.ஆர்.எஸ்., பாம் போன்ற நிறுவனங்கள் வேறு சவ்வுத் துணிகளிலும் தைக்கின்றன. இரண்டரை அடுக்கு என்று போட்டிருந்தால் உள்பக்கம் சவ்வுக்கு முழுத் துணிக் காப்பு இல்லை என்று பொருள். எடை குறைவு, ஆயுளும் குறைவு. வெளிநாட்டு விலையில் சாதாரணப் பூச்சுத் துணி சுமார் 400 முதல் 600 டாலர், மூச்சுவிடும் துணி 700 டாலர் அளவில் தொடங்கும், கோர்-டெக்ஸ் 1,000-ஐத் தாண்டும். சுங்கவரியும் அனுப்பும் செலவும் தனி. பணம் குறைவாக இருந்தால் வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், துணியில் குறைக்காதீர்கள். வேர்த்தால் திறப்பீர்கள், திறந்தால் போட்ட பணம் அத்தனையும் வீண்.

மூச்சுவிடும் துணிக்கும் ஒரு வரம்பு உண்டு. வெளித்துணியின்மேல் நீரை முத்துமுத்தாக உருட்டிவிடும் பூச்சு தேய்ந்துபோனால் துணி ஈரத்தைக் குடித்துக் கனக்கும், ஆவி வெளியேறாது. மூடுபனி விலகாத ஆடி மாதத்தில் குந்தா பக்கம் இது சீக்கிரம் தெரியவரும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட நாளில் கயாக்கை எடுக்கச் சொல்லவில்லை, அந்தச் சரிவின் ஈரம் எப்படி என்பதற்குச் சொல்கிறேன். தண்ணீர் முத்தாக உருளாமல் துணியில் கறையாகப் பரவினால், சவ்வுத் துணிக்கென்று விற்கிற சோப்பில் கழுவி, பூச்சை மறுபடி ஏற்ற வேண்டும். வீட்டுச் சோப்புத்தூளும் துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் அந்தப் பூச்சைக் கெடுக்கும்.

உட்காரும் இடம், முழங்கால் இரண்டிலும் இரட்டைத் துணி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே உட்காரும் வகைக் கயாக்கில் இருக்கைச் சட்டத்தின் ஓரம் பின்தொடையை உரசிக்கொண்டே இருக்கும்.

கழுத்தும் மணிக்கட்டும்

சூட்டின் உயிர் இந்த மூன்று வளையங்களில் இருக்கிறது. லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) காஸ்கெட், அதாவது வளையம், தோலோடு ஒட்டிப்பிடிக்கும், சொட்டு உள்ளே வராது, ஆனால் கழுத்தைப் பிடிப்பதுபோல் இருக்கும். நியோப்ரீன் கழுத்து மென்மையானது, அளவைத் தளர்த்தி இறுக்கலாம், முழுகினால் கொஞ்சம் உள்ளே விடும். இந்த வகையை செமி-ட்ரை என்பார்கள். லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் சிலிக்கோன். அரிப்பு வராது, எண்ணெய்க்கும் அவ்வளவாகப் பயப்படாது, ஆனால் சின்னக் கீறலிலிருந்து சர்ரென்று கிழிந்துவிடும்.

எது நல்லது? மணிக்கட்டில் லேடெக்ஸ், அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. கழுத்தில்தான் ஆளுக்கு ஏற்றபடி. கரையை ஒட்டி, துணையோடு, அலை இல்லாத ஏரியில் உட்கார்ந்திருப்பவருக்கு நியோப்ரீன் கழுத்து தாராளமாகப் போதும். விழுந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் நெஞ்சில் இறங்கும், அவ்வளவுதான். கழுத்து உறுத்தாததால் அவர் அதை மடித்துவிட மாட்டார். டிசம்பரில் அப்பர் பவானி போன்ற பெரிய நீர்ப்பரப்பைக் குறுக்கே கடக்கிறவருக்கு லேடெக்ஸ் கழுத்துதான். பத்து நிமிடம் நீரில் கிடக்க நேர்ந்தால் ஒரு டம்ளர் என்பது ஒரு சொம்பாகும்.

புது லேடெக்ஸ் இறுக்கமாகத்தான் வரும். உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கழுத்துச் சுற்றளவே உள்ள எவர்சில்வர் டப்பாமேல் கழுத்து வளையத்தையும், மணிக்கட்டு அளவுள்ள பாட்டில்களின்மேல் மற்ற இரண்டையும் மாட்டி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் இருபது நிமிடம் போட்டுப் பாருங்கள். முகம் கனத்தாலோ, கை நீலம் பாய்ந்தாலோ, விரல் மரத்தாலோ மட்டும் வெட்டுங்கள். காஸ்கெட்டில் வளையக் கோடுகள் வார்த்திருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோடு. இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் ரப்பரை இழுத்துப் பிடிக்க, மற்றவர் நீளமான கூர்க் கத்தரியால் நிறுத்தாமல் வெட்டிப்போக வேண்டும். நிறுத்தி நிறுத்தி வெட்டினால் ஓரத்தில் பல் விழும். அந்தப் பல்லிலிருந்துதான் பின்னால் கிழியும்.

மணிக்கட்டில் ரப்பர், எலும்பு முண்டுக்குமேல் முழங்கைப் பக்கமாக இரண்டு விரற்கடை ஏறி உட்கார வேண்டும். முண்டுக்குக் கீழே நின்றால், தூண்டில் கம்பை இறுக்கிப் பிடிக்கும்போது நரம்பு புடைத்து இரண்டு பக்கமும் வாய்க்கால் விழும், அது வழியே நீர் ஏறும். கையில் கட்டிய கறுப்புக் கயிறு, காப்பு, வளையல் எதுவும் காஸ்கெட்டுக்கு அடியில் இருக்கக்கூடாது. கோவில் கயிற்றைக் கழற்ற மனமில்லை என்றால் முழங்கைப் பக்கம் நன்றாக மேலே தள்ளிவிடுங்கள். ஓரத்தில் ஓர் இழை இருந்தாலும் திரிபோலத் தண்ணீரை இழுக்கும். கழுத்துச் சங்கிலியும் அப்படியே, வளையத்துக்குக் கீழே முழுசாக உள்ளே இருக்கட்டும்.

இனி நம் ஊருக்கென்றே உள்ள தொல்லை: எண்ணெய். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் விஷம். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் பிடரியில் வழிந்து கழுத்து வளையத்தைப் பிசுபிசுப்பாக்கும், ஒரு பருவத்தில் ரப்பர் ஊதித் தளர்ந்துவிடும். சளிக்குக் கழுத்திலும் நெஞ்சிலும் தடவுகிற நீலகிரித் தைலம் இன்னும் மோசம். அட்டைக்காகக் காலில் பூசுகிற வேப்பெண்ணெய், கொசுவுக்குப் பூசுகிற களிம்பு, வெயிலுக்குப் பூசுகிற க்ரீம் எல்லாம் இதே கணக்கில் வரும். உயரம் ஏற ஏற புற ஊதாக்கதிர் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடுவதால் சன்ஸ்க்ரீன் இல்லாமலும் இருக்க முடியாது. வழி இதுதான்: முதல்நாள் இரவே தலைக்குக் குளித்துவிடுங்கள், சூட்டை முதலில் போடுங்கள், க்ரீமைப் பிறகு முகத்தில் மட்டும் பூசி, விரலைத் துணியில் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஜிப்

பின்தோளில் குறுக்கே போகிற ஜிப்பைத் தானாக மூட முடியாது. தனியாகப் போகிறவர் நெஞ்சில் சாய்வாக வருகிற முன்ஜிப்பை எடுக்க வேண்டும். சிறுநீர் ஜிப் இல்லாத சூட்டை விலை குறைகிறது என்பதற்காக வாங்காதீர்கள். அது இல்லையென்றால் ஆட்கள் காலையிலிருந்து தண்ணீர், டீ எதுவும் குடிக்காமல் இருப்பார்கள். அந்த உயரத்தில், அந்த வெயிலில் மத்தியானம் தலைவலியோடு கரை ஏறுவார்கள். பெண்களுக்கு முன்பக்க ஜிப்பும் உண்டு, பின்பக்கம் இடுப்பைச் சுற்றி இறங்குகிற ஜிப்பும் உண்டு. இரண்டாவதுதான் கூடுதல் கருவி எதுவும் இல்லாமல் உதவுவது.

ட்ரைசூட் போட்டும் நனைகிறவர்களில் பெரும்பாலோர் நனைவது ஜிப்பின் கடைசி அரை அங்குலத்தில். முடிவுவரை போய் இடித்து நிற்கிறவரை இழுக்க வேண்டும். பித்தளைப் பல் ஜிப்புக்கு வெளிப்பக்கம் சாதாரண மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். பிளாஸ்டிக் பல் உள்ள டிசிப் வகைக்கு மெழுகு கூடாது. மூடி நிற்கிற முனையில் மட்டும் ஒரு மிளகளவு சிலிக்கோன் க்ரீஸ். அணை நீர் வற்றிய காலத்தில் கரைச் சேறு மாவுபோல இருக்கும், அது பல்லில் ஏறினால் அறுத்துவிடும். திறக்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கயாக்கின் வாயை மூடுகிற ஸ்ப்ரே ஸ்கர்ட்டுக்கென்று சில சூட்டில் இடுப்பில் இரட்டை மடிப்பு வரும். மேலே உட்காரும் கயாக்கில் அதற்கு வேலையே இல்லை, காசு மிச்சம் பிடிக்கலாம்.

காலும் அளவும்

சூட்டோடு ஒட்டிய சாக்ஸ்தான் வேண்டும், கணுக்கால் காஸ்கெட் வேண்டாம். பாதம் காய்ந்திருந்தால் நாள் முழுக்கத் தாங்கும். லேடெக்ஸ் சாக்ஸைவிடத் துணிச் சாக்ஸ் உழைக்கும். மழைக்காலத்தில் அட்டையும் உள்ளே வராது என்பது உபரி லாபம். உள்ளே ஒரு கனமான கம்பளிச் சாக்ஸ், வெளியே வழக்கத்தைவிட ஒன்று அல்லது இரண்டு அளவு பெரிய ரப்பர் அடி பூட்ஸ். சாக்ஸுக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஒரு மணல் துகள் கிடந்தால் அது ஊசி வேலை செய்யும்.

அளவு எடுக்கும்போது உள்ளுடுப்பு முழுவதையும் போட்டுக்கொண்டு எடுங்கள். மார்பு, இடுப்பு, உயரம் எல்லாரும் பார்ப்பார்கள். தோளிலிருந்து கவட்டைவரை உள்ள நீளத்தை மறந்துவிடுவார்கள். அது குட்டையாக இருந்தால் உட்கார்ந்தவுடன் கழுத்து வளையம் கீழே இழுபடும். போட்டுப் பார்த்து முழுசாகக் குத்துக்கால் போட்டு உட்காருங்கள், இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள், துடுப்பு போடுவதுபோல் இடமும் வலமும் முறுக்குங்கள். எங்கும் பிடிக்கக்கூடாது. ரொம்பத் தொளதொளவென்றும் இருக்கக்கூடாது, உள்ளே காற்று தேங்கும்.

நிறம் பற்றி ஆலிவ் பச்சை, காட்டு வண்ணம் என்று கேட்பவர்களுக்கு: மூடுபனி இறங்கினால் சோலைக்கரைமேல் ஆலிவ் பச்சை ஆள் ஐம்பது மீட்டரில் காணாமல் போவார். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பில் எடுங்கள். மீன் பயப்படுமா என்றால், கயாக்கில் நாம் நீர்மட்டத்தோடு தாழ்ந்துதான் உட்கார்ந்திருக்கிறோம், சூட்டின் நிறத்தைவிட துடுப்பு கயாக்கில் இடிக்கிற சத்தம்தான் ட்ரவுட்டை விரட்டும்.

உள்ளே என்ன போடுவது

மூச்சுவிடும் ட்ரைசூட் ஒரு தோல் மட்டுமே, அதற்குச் சூடு கிடையாது. சூடு உள்ளுடுப்பில்தான். தோலை ஒட்டி மெல்லிய பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற பொசுபொசுவென்ற செயற்கைத் துணி. 15 டிகிரித் தண்ணீருக்கு நடுத்தர ஃப்ளீஸ் ஒன்று போதும். 10-ஐ நெருங்கினால் இரண்டு. பனியன், ஜட்டி உட்பட பருத்தி எதுவும் வேண்டாம், வேர்வையைக் குடித்துக்கொண்டு சில்லென்று ஒட்டிக்கிடக்கும். கடையில் "தெர்மல்" என்று விற்பதில் நிறைய பருத்திக் கலப்பு, லேபிளைப் படியுங்கள். ஊட்டியில் கிடைக்கிற அக்ரிலிக் ஸ்வெட்டர் மோசமில்லை, தடிமன்தான் தோளை அசையவிடாது.

வேர்க்கும்போது செய்ய வேண்டியது ஜிப்பைத் திறப்பதல்ல. தொப்பியை நீரில் நனைத்துத் தலையில் போடுங்கள், சூட்டின்மேல் இரண்டு கை தண்ணீரை வாரி ஊற்றுங்கள். அல்லது கரையோரம் இடுப்பளவில் இறங்கி நின்றுவிட்டு வாருங்கள். மூடிய சூட்டின் சௌகரியமே அதுதான்.

கைக்கு சூட் எதுவும் செய்யாது. குளிர்நீரில் முதலில் செத்துப்போவது விரல்கள். விசில், கத்தி, கயாக்கோடு கட்டிய கயிற்றின் கொக்கி எல்லாம் மரத்த கையால், ஒரே கையால் இயக்க முடிவதாக இருக்கட்டும். விரல்நுனி திறந்த நியோப்ரீன் கையுறை முடிச்சு போட வசதி. 2 மி.மீ. நியோப்ரீன் குல்லா மடித்தால் பாக்கெட்டில் அடங்கும்.

போடும் முறை, சோதனை

கால், பிறகு கை (விரல்களைக் கொக்கின் அலகுபோலக் குவித்து), கடைசியில் தலை. கழுத்து வளையத்துக்குள் இரண்டு கையையும் விட்டு அகலமாக விரித்துக்கொண்டு தலையை நுழைக்க வேண்டும், நகத்தால் கிள்ளி இழுக்கக்கூடாது. ஜிப். பிறகு குத்துக்கால் போட்டு முழங்காலைக் கட்டிப்பிடித்து, கழுத்து வளையத்தில் ஒரு விரலை விட்டால் புஸ்ஸென்று காற்று வெளியேறும். விரலை எடுத்துவிட்டு எழுந்திருங்கள். இதைச் செய்யாவிட்டால் விழும்போது காற்று காலுக்கு ஓடி, கால் மேலே மிதக்க, நிமிர்வதற்கே பாடுபட வேண்டிவரும். இதற்கெல்லாம் மேலே லைஃப் ஜாக்கெட். சூட்டுக்குள் இருக்கிற காற்று மிதவை இல்லை, ஒரு கிழிசலில் போய்விடும்.

முதல் சோதனை நெஞ்சளவு தண்ணீரில், கரையில் ஆள் நிற்கும்போது. ஈரம் பட்டால் பளிச்சென்று நிறம் மாறுகிற சாம்பல் நிற டி-ஷர்ட்டை உள்ளே போட்டு (பருத்திக்கு இந்த ஒரு நாள் விதிவிலக்கு) பத்து நிமிடம் மிதந்துவிட்டு வந்து கழற்றிப் பாருங்கள். அன்றைக்கே கயாக்கில் திரும்ப ஏறுவதையும் பழகிவிடுங்கள்: கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, பக்கவாட்டில் நின்று காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றைக் கயாக்மேல் இழுத்துப் போட்டு, புரண்டு, உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுங்கள். மூன்று முறை தொடர்ந்து ஏற முடிந்தால்தான் நடு ஏரி.

ஒழுக்கு எங்கே என்று தெரியாவிட்டால் மணிக்கட்டில் பாட்டில்களையும் கழுத்தில் டப்பாவையும் செருகி, ஜிப்பை மூடி, சிறுநீர் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து அது வழியே காற்றடித்து மூடுங்கள். சோப்பு நுரையைத் தடவினால் ஊசித்துளை குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். பென்சிலால் வட்டம் போட்டு, சூட்டைத் திருப்பி, உள்பக்கத்தில் யூரித்தேன் பசை. நம் குளிரில் அது காய ஒரு முழுநாள் விடுங்கள். பஞ்சர் கடை சொல்யூஷன் டியூப் ரப்பருக்கு ஆனது, இந்தத் துணியில் நிற்காது.

அந்த ஊசித்துளைகள் பெரும்பாலும் தூண்டில் முள்ளால் வருபவை. மூன்று முள் கொக்கியை எடுத்துவிட்டு ஒற்றை முள் போடுங்கள், எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மாற்றிய லூர் (போலி இரை) மடியில் கிடக்கக்கூடாது, மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும். காரிலிருந்து நீர்வரை நடக்கிற வழியில் உண்ணிச்செடியும் முள்புதரும் இருக்கும். சூட்மேல் ஒரு பழைய மழைபேன்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கி, கரையில் கழற்றிவிடுங்கள்.

வீட்டில்

முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காய வைத்து, பிறகு வெளிப்பக்கம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் காயாது, மின்விசிறிக்கு முன்னால் தொங்கவிடுங்கள். விறகடுப்பு, ஹீட்டர் பக்கம் கொண்டுபோனால் ரப்பர் வெடிக்கும். ஈரத்தோடு மடித்தால் பத்து நாளில் பூஞ்சணம். காய்ந்ததும் காஸ்கெட்டில் வாசனை இல்லாத பவுடர் தூவி, ஜிப் எங்கும் மடியாமல் பெரிதாகச் சுருட்டி இருட்டான இடத்தில் வையுங்கள். மின்மோட்டார் ஓடுகிற மூலையில் வேண்டாம், அதிலிருந்து வரக்கூடிய ஓசோன் லேடெக்ஸைத் தின்றுவிடும்.

எவ்வளவு பேணினாலும் லேடெக்ஸ் சில வருடத்தில் போய்விடும். ரப்பரை இழுத்துப் பார்க்கும்போது வலைபோல நுண்கீறல் தெரிந்தால் அதன் நாள் முடிந்தது. மாற்றுக் காஸ்கெட் இங்கே கடையில் கிடைக்காது, ஆகவே சூட் ஆர்டர் போடும்போதே கழுத்து ஒன்று, மணிக்கட்டு ஒரு ஜோடி சேர்த்து வாங்கிவிடுங்கள். ஏரிக்கரையில் போடும்போதே மணிக்கட்டு கிழிந்தால், கிழிசலை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து மின்சார டேப்பால் மூன்று சுற்று, கை மரக்காத அளவுக்கு. அந்த டேப்போடு கரையை ஒட்டி இருபது மீட்டருக்குள் தூண்டில் போடலாம். கிழிந்தது கழுத்து என்றால் அன்றைக்குக் கயாக்கைக் காரிலிருந்து இறக்காதீர்கள்.